நாலு மணித்தியாலம் அசையாமல் இருக்க ஒரு காற்சட்டை

கேள்வி: வணக்கம் அண்ணை. எனக்கு 34 வயது, கனடாவில், ஒன்ராறியோ ஏஜாக்ஸில் இருக்கிறேன். வேலையிடத்தில் என்னோடு நிற்கிற மூன்று பேர் ஒவ்வொரு நவம்பரும் ஹாலிபர்ட்டன் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். இந்த முறை என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். வேட்டைப் படிப்பு, துவக்குப் படிப்பு இரண்டும் முடித்து அட்டையும் எடுத்துவிட்டேன். உடுப்பில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையில் 60 டொலரில் இருந்து 600 டொலர் வரை காற்சட்டை தொங்குகிறது. விற்கிற பெடியன் "20கே, 20கே" என்று ஏதோ சொல்கிறான். வீட்டில் ஒரு ஸ்கீ காற்சட்டை கிடக்கிறது, அது போதாதா என்று மனைவி கேட்கிறா. போன மாசி ஐஸ் மீன்பிடிக்கு ஜீன்ஸோடு போய் விறைத்துத் திரும்பினவன் நான். அப்பாவோ, "நாங்கள் வன்னிக் காட்டிலை சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு போனனாங்கள்" என்று சிரிக்கிறார். நல்லதாக ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்க?

பதில்:

தம்பி, அப்பா சொன்னதைப் பகிடி என்று தள்ளிவிடாதீர்கள். வன்னிக்குச் சாரம் சரியான உடுப்புத்தான். நனைந்தால் பிழிந்து, உதறி, திருப்பிக் கட்டலாம். அந்த வெயிலுக்கு நடக்க நடக்கக் காய்ந்துவிடும். காயாவிட்டாலும் ஒருவரும் விறைக்கமாட்டார்கள். அங்கே ஈரம் ஒரு சுகம். ஹாலிபர்ட்டனில் நவம்பர் மாதம் அதே ஈரம் ஆளைப் படுக்க வைத்துவிடும்.

நான் இருபத்திரண்டு வருஷமாக வேட்டை, மீன்பிடி, வெளிவேலை உடுப்புகள் விற்கிற கடையொன்றில் நிற்கிறேன். அதில் பாதிக் காலம் முன்னுக்கு விற்பனையில் இல்லை, பின்னுக்குத் திருத்துகிற மேசையில். கிழிந்தது, ஒழுகினது, சிப் போனது என்று டிசம்பர் பிறந்தவுடன் மூட்டை மூட்டையாக வரும். புதுக் காற்சட்டை கடையில் எப்படி மினுங்கும் என்பதைவிட, மூன்றாம் வருஷம் அது எந்த இடத்தில் கைவிடும் என்பதுதான் எனக்கு நல்லாய்த் தெரியும்.

முதலில் அந்தக் குளிரைப் பற்றி. நவம்பர் முதற் பாதியில் அந்தப் பக்கம் பகலில் 3, 5 பாகை இருக்கும். விடியப்புறம் பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே. மழை, பிறகு ஈர ஸ்நோ, திரும்பவும் மழை. "இதெல்லாம் ஒரு குளிரா, சனவரியில் பார்" என்று சொல்ல ஆட்கள் இருப்பார்கள். என்னைக் கேட்டால் மைனஸ் 15 இல் காய்ந்த ஸ்நோவில் நிற்பது, 3 பாகை மழையில் குந்தியிருப்பதைவிடச் சுகம். மைனஸ் 15 இல் மேலே விழுந்ததை உதறிவிடலாம். 3 பாகையில் விழுவது துணிக்குள் இறங்கும். உடுப்பு எங்களைச் சூடாக வைத்திருப்பது நூல்களுக்கு இடையில் காற்றைப் பிடித்து வைப்பதால்தான். காற்று இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அது ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பிறகு அது உடுப்பில்லை, ஈரச்சாக்கு.

போன மாசியில் உங்களுக்கு நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். ஐஸில் முழங்கால் ஊன்றியிருப்பீர்கள், உடம்புச் சூட்டில் ஐஸ் கசிந்திருக்கும், ஜீன்ஸ் அதைக் குடித்திருக்கும். பருத்தி நூல் தண்ணீரைத் தன் உள்ளுக்கே இழுத்து வைத்துக்கொள்ளும், இலேசில் விடாது. ஆகவே இந்தப் பயணத்துக்கு இடுப்புக்குக் கீழே பருத்தி என்று ஒன்றும் வேண்டாம். ஜீன்ஸோடு நிற்பாட்டாமல் மேஸ், உள்ளாடை, "தேர்மல்" என்ற பெயரில் விற்கிற வெள்ளைப் பருத்தி நீளக் காற்சட்டை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாதிப்பேர் கோட்டை விடுவது இங்கேதான்: வெளியே 400 டொலர் காற்சட்டை, உள்ளே பருத்தி ஜட்டி.

அடுத்தது, கடைக்குப் போகமுன் உங்கள் கூட்டாளிகளிடம் ஒன்று கேளுங்கள். என்னை நடக்க விடப் போகிறீர்களா, இருத்தப் போகிறீர்களா? இந்தப் பக்கத்து மான் காம்புகளில், அதாவது வேட்டைக்காரர் கூடித் தங்குகிற முகாம்களில், வழக்கம் என்னவென்றால், சிலர் காட்டுக்குள்ளால் நடந்து மானை எழுப்புவார்கள். நாய் விட அனுமதியுள்ள பகுதியென்றால் நாயும் ஓடும். மற்றவர்கள் மான் தடங்களில் ஆளுக்கொரு இடமாக "வோச்" இருப்பார்கள், அதாவது மான் வரும்வரை காத்திருப்பார்கள். காட்டு வழி தெரியாத புது ஆளை நடக்க விடுவது குறைவு. உங்களை ஒரு பாறையிலோ விழுந்த மரத்திலோ இருத்திவிட்டு, "நாங்கள் வந்து கூப்பிடும்வரை அசையாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். சட்டப்படி வேட்டை நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணித்தியாலம் முன்னரே தொடங்குகிறது. ஆகவே இருட்டோடு போய்க் குந்தவேண்டும். மூன்று மணித்தியாலம், சிலவேளை நாலு.

ஆனால் அந்தப் பாறைக்குப் போய்ச் சேர ஒரு இருபது நிமிஷம் ஏற்றத்தில் நடக்கவேண்டுமே. எனக்குப் பாடம் படிப்பித்தது அந்த இருபது நிமிஷம்தான். கடையில் சேர்ந்த இரண்டாம் வருஷம் அது. ஊழியர் கழிவில் வாங்கின புத்தம்புது மழைக் காற்சட்டை, உள்ளே தடித்த ஃப்ளீஸ். வாகனத்தடியிலேயே எல்லாவற்றையும் கொழுவிக்கொண்டு பெருமையாக ஏறினேன். மேலே போய்ச் சேர, இரண்டு தொடையும் குளித்தமாதிரி. வெளியே மழை இல்லை தம்பி, தூறல்கூட இல்லை. முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தொடையின் பின்பக்கத்தால் குளிர் மெல்ல ஏறத் தொடங்கி நாரிக்கு வந்தது. எட்டரைக்குப் பல் கிடுகிடுத்தது. ஒன்பது மணிக்கு நாற்பது யார் தள்ளி ஒரு மான் வந்து நின்றபோது, துவக்கின் பாதுகாப்புப் பூட்டைத் தள்ளச் சொன்னால் என் பெருவிரல் கேட்கவில்லை. மான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறுதலாக நடந்து போனது. மழைக்குப் பயந்து வாங்கின காற்சட்டை, என்னுடைய வியர்வையை ஒரு சொட்டும் வெளியே விடாமல் பத்திரப்படுத்தித் தந்திருந்தது.

அதனால்தான் "நல்லதாக ஒன்றே ஒன்று" என்று நீங்கள் கேட்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. நடக்கிற இருபது நிமிஷத்துக்கும் இருக்கிற நாலு மணித்தியாலத்துக்கும் ஒரே துணி வேலை செய்யாது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அந்தக் காசை மூன்றாகப் பிரிப்பேன்: தோலோடு ஒட்டி மெரினோ என்கிற மெல்லிய செம்மறிக் கம்பளியில் ஒரு உட்காற்சட்டை, அதற்குமேல் ஒரு தடித்த கம்பளிக் காற்சட்டை, பைக்குள் சுருட்டி வைக்க ஒரு மழைக் காற்சட்டை.

மெரினோவில் சதுர மீற்றருக்கு 200, 250 கிராம் எடையுள்ளது போதும். கம்பளி தன் எடையில் 30 வீதம்வரை ஈரத்தை நூலுக்குள் எடுத்தும் கைக்கு ஈரமாகத் தெரியாது. பொலியெஸ்ரர் அப்படி உறிஞ்சாது, வியர்வையைத் தன் மேற்பரப்பால் கடத்திவிடும். அதுவும் பிழையில்லை, விலையும் குறைவு. ஆனால் மூன்றாம் நாள் அது மணக்கிற மணத்தை காம்பில் பக்கத்துக் கட்டிலில் படுப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கம்பளிக் காற்சட்டைக்குப் பெரிய கடை வேண்டாம். பழைய இராணுவ உடுப்பு விற்கிற கடைகளில் ஐரோப்பியப் படைகளின் தடித்த கம்பளிக் காற்சட்டைகள் மலிவாக வரும். பார்க்க அழகில்லை, கூடப் படித்தவர்கள் கண்டால் சிரிப்பார்கள். ஆனால் கிளையில் உரசினாலும் சத்தமில்லை, அடுப்புப் பொறி பட்டாலும் உருகாது, ஈரமானாலும் முழுக்கக் கைவிடாது. இந்த நாட்டுக் குளிருக்குக் கம்பளி என்பது இன்று நேற்றுக் கண்ட புத்தியும் இல்லை. 1811 நவம்பரில் ஹூரோன் ஏரியின் வடமேல் மூலையில் செயின்ற் ஜோசப் கோட்டையில் இருந்த பிரித்தானியப் படைக்குக் கம்பளி மேலங்கி தேவைப்பட்டது. ஜோன் அஸ்கின் என்ற வியாபாரி வெள்ளைக்காரப் பெண்களையும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த மேற்றிப் பெண்களையும் வைத்து 40 மேலங்கி தைப்பித்தார். இன்றைக்கும் வேட்டைக்காரர் "மக்கினோ" என்று சொல்லிப் போடுகிற கட்டம்போட்ட கம்பளிச் சட்டையின் வேர் அங்கேதான். அந்தக் கோட்டை இருந்த இடம் இன்றைய ஒன்ராறியோவுக்குள் வருகிறது.

கம்பளிக்குக் குறையும் உண்டு, மறைக்கமாட்டேன். மூன்று மணித்தியாலம் விடாத மழையென்றால் ஊறும். ஊறினால் கல்லுப்போலப் பாரம், அரையை விட்டு இறங்கும். ஆகவே இடுப்புப் பட்டி வேண்டாம், தோளில் கொழுவுகிற வார் வாங்குங்கள். பட்டி வயிற்றில் இறுக்கும், வார் இறுக்காது. இடுப்பையும் ஒரு அளவு பெரிதாக எடுக்கலாம், உள்ளே மெரினோவுக்கு இடம் வேண்டுமே.

மூன்றாவது, பைக்குள் வைக்கிற மழைக் காற்சட்டை. இதில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: பக்கவாட்டுச் சிப் கணுக்காலில் இருந்து இடுப்புவரை முழுக்கத் திறக்கவேண்டும். சப்பாத்தைக் கழற்றாமல் போடவும் கழற்றவும் முடிந்தால்தான் நீங்கள் அதை உண்மையில் பாவிப்பீர்கள். முழங்கால் மட்டும் திறக்கிற அரைச் சிப் என்றால், சேற்றுச் சப்பாத்தோடு இருட்டில் ஒற்றைக்காலில் துள்ளிவிட்டு, "பரவாயில்லை, மழை விட்டிடும்" என்று திருப்பிப் பைக்குள் வைத்துவிடுவீர்கள். நான் வைத்திருக்கிறேன்.

பாவிக்கிற விதம் இப்படி. கம்பளியோடு மட்டும் நடவுங்கள், மெதுவாக, கொஞ்சம் குளிருகிறமாதிரியே. இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் உடனே குந்தவேண்டாம். மேற்சட்டையைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள், ஆவி போகட்டும். உடம்பு தணிந்து, குளிர் தொடங்கமுன் மழைக் காற்சட்டையை மேலே இழுத்துப் பூட்டுங்கள். மழை இல்லாவிட்டாலும் போடுங்கள், காற்றை மறிக்கும். நடக்கும்போதே மழை பெய்தால் வாகனத்தடியிலேயே போடத்தான் வேண்டும். அப்போது பக்கச் சிப்பை மேலிருந்து தொடைவரை திறந்து விட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இனி அந்தப் பெடியன் சொன்ன 20கே. முதல் எண் தண்ணீர் மறிக்கிற சக்தி. 10கே என்றால் துணியின்மேல் 10,000 மில்லிமீற்றர், அதாவது 10 மீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தும்வரை உள்ளே வராது. மழைத்துளிக்கு அது தாராளம். ஆனால் 10 மீற்றர் தண்ணீர் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஈர நிலத்தில் ஒற்றை முழங்காலை ஊன்றிப் பாருங்கள். உள்ளங்கையில் பாதியளவு இடத்தில் உங்கள் பாரத்தின் பெரும்பங்கு இறங்குகிறது, அந்த ஒரு கிலோவை எட்டுவது கஷ்டமில்லை. ஆகவே முழங்காலும் குந்துகிற இடமும் 20கே ஆக இருப்பதில் அர்த்தம் உண்டு. மற்ற இடங்களுக்கு 10கே காணும்.

இரண்டாவது 20கே, சதுர மீற்றர் துணியால் 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் நீராவி வெளியே போகும் என்பது. இந்த எண்ணை நான் நம்புவதில்லை. அளக்கிற முறை நாலைந்து இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு விடை தரும், தங்களுக்கு வாய்ப்பானதைத்தான் கொம்பனிகள் போடும். அதோடு சோதனைச்சாலையில் துணியின் வெளிப்பக்கம் காய்ந்திருக்கும். காட்டில் மழைக்குள் வெளித்துணி ஊறிக் குளிர்ந்துபோய் இருக்கும், உள்ளிருந்து வருகிற ஆவி, துணிக்குள் ஒட்டியிருக்கிற தண்ணீர் மறிக்கும் மெல்லிய சவ்வு குளிர்ந்திருப்பதால் அதில் பட்டுத் தண்ணீராகிவிடும். உள்ளே ஈரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "ஒழுகுது" என்று கொண்டுவந்து தருகிற காற்சட்டைகளில் நல்ல பங்கு ஒழுகுவதே இல்லை. தண்ணீர் ஊற்றிக் காட்டினாலும் நம்பமாட்டார்கள்.

கோர்-ரெக்ஸ் என்கிற பிரபலமான சவ்வின் பெயர் இருந்தால்தான் நல்லது என்றும் இல்லை. 1969 இல் அந்தக் கொம்பனியின் பொப் கோர் சூடாக்கின டெஃப்லோனை வெடுக்கென்று இழுத்தபோது உடையாமல் விரிந்தது. அதிலிருந்து வந்த சவ்வு 1976 இல் மழை உடுப்பாகச் சந்தைக்கு வந்தது. அன்றைக்கு அதற்குப் போட்டியில்லை. இன்றைக்கு வேறு நல்ல சவ்வுகள் பல இருக்கின்றன. சவ்வைவிடத் தையலைப் பாருங்கள் என்பதுதான் என் மேசை சொல்வது.

எந்தத் தையல்? காற்சட்டையைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். இரண்டு காலின் உட்தையலும், முன்பக்கத் தையலும், பின்பக்கத் தையலும் கவட்டில் வந்து ஒரு சிலுவையாகச் சந்திக்கும். அதன்மேல் ஒட்டிய நாடா நடக்கும்போது மடங்கி மடங்கித் தேயும், குந்தும்போது இழுபடும். இன்னொன்று, குந்தியிருக்கிற ஆளின் தொடை வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. நிற்கிறவனுக்கு வழிந்தோடுகிற மழை, குந்தியிருக்கிறவனின் மடியில் சேர்ந்து குளமாகி, சரியாக அந்தச் சிலுவையின்மேல் போய் நிற்கும். என்னிடம் வருகிற மழைக் காற்சட்டைகள் முதலில் ஒழுகுவது அங்கேதான். நல்ல காற்சட்டையில் அந்தச் சந்தி இருக்காது. கவட்டுக்குள் சாய்சதுரமாக ஒரு தனித்துண்டு வைத்துத் தைத்துத் தையல்களைப் பிரித்துவிட்டிருப்பார்கள். அதைத் தேடுங்கள். 600 டொலர்க் காற்சட்டையில் இல்லாமலும் 150 டொலர்க் காற்சட்டையில் இருந்தும் கண்டிருக்கிறேன்.

குந்துகிற இடத்துக்குக் காற்சட்டையை நம்பவே வேண்டாம். எவ்வளவு தடித்த பஞ்சென்றாலும் உங்கள் பாரத்தில் அப்பளமாகிவிடும். நீர் குடிக்காத ஃபோமில் செய்த சின்ன இருக்கைப் பாய் ஒன்று பத்துப் பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். நான் சொல்கிற எல்லாவற்றிலும் மலிவான சாமானும் அதுதான், கூடச் சுகம் தருவதும் அதுதான்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது ஒருவருக்கும் வெட்கப்படாதீர்கள். மெரினோவையும் கம்பளியையும் போட்டுக்கொண்டு போய், அதற்குமேல் மழைக் காற்சட்டையைப் போடுங்கள். விழுந்த மரத்தைக் கடக்கிறமாதிரி முழங்காலை நெஞ்சுக்கு உயர்த்துங்கள். கதிரையில் இருந்து, கால் விளிம்பு எவ்வளவு மேலே ஏறுகிறது என்று பாருங்கள். சப்பாத்தின் கழுத்து வெளியே தெரிந்தால் மழை நேரே மேஸுக்குள். மழைக் காற்சட்டை எப்போதும் சப்பாத்துக்கு வெளியே விழவேண்டும், உள்ளே செருகினால் தண்ணீருக்குப் பீலி வைத்துக் கொடுத்தமாதிரி.

சத்தத்தையும் அங்கேயே பாருங்கள். உடுப்பு மாற்றுகிற அறைக்குள் கதவைச் சாத்திவிட்டு இரண்டு முழங்காலையும் உரசிக்கொண்டு நாலு அடி வையுங்கள். மொட்டை நைலோன் "சரக் சரக்" என்னும். கொஞ்சம் மயிர்விட்ட பொலியெஸ்ரர் முகத்துணி கிட்டத்தட்ட மௌனம். பொக்கற்றில் வெல்க்ரோ இருந்தால் வேண்டாம், அமைதியான காட்டில் அதைத் திறக்கிற சத்தம் துவக்குச் சத்தத்துக்கு அடுத்தது. சிப்பின் உலோக நாக்கு கிலுங்கினால் வெட்டிவிட்டு ஒரு நூல்கயிறு கட்டுங்கள். குந்தியிருக்கத்தானே போகிறீர்கள் என்று இதை அலட்சியம் பண்ணலாம், ஆனால் மான் வருகிறபோது திரும்பத்தானே வேண்டும்.

நிறம். கடையில் இலைதழை அச்சடித்த காற்சட்டைக்கு 80 டொலர் கூடக் கேட்பார்கள். கொடுக்கவேண்டாம். துவக்கு மான் வேட்டைக் காலத்தில் ஒன்ராறியோச் சட்டப்படி இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் வேட்டைச் செம்மஞ்சள், எல்லாப் பக்கத்தாலும் தெரியும்படி, போடவேண்டும். தலைக்கும் அதே நிறம். முதுகில் பை கொழுவி அதை மறைத்தால் பைக்கும் செம்மஞ்சள் உறை போடுங்கள். மேலே அவ்வளவு பளிச்சென்று இருந்துகொண்டு காலில் மட்டும் இலைதழை எதற்கு? மானின் கண்ணுக்குச் செம்மஞ்சளும் சிவப்பும் பச்சையிலிருந்து பிரிந்து தெரியாது. நீலம்தான் அதற்கு நல்லாய்த் தெரியும், புறஊதா ஒளியும் ஓரளவு தெரியும். ஆகவே கடும்பச்சை, சாம்பல், சிவப்புக்கட்டம் எதுவும் நல்லது. நீல மழைக் காற்சட்டை கூடாது. வெள்ளையும் கூடாது, மான் தோல் நிறமும் கூடாது. இது மானுக்காக அல்ல, காட்டில் துவக்கோடு நிற்கிற மற்ற மனிசருக்காக.

மனைவி கேட்ட ஸ்கீ காற்சட்டை: எந்த நிறம் என்று எழுதவில்லை. நீலமோ வெள்ளையோ இல்லையென்றால், அவ கேட்டதில் பிழையில்லை, காய்ந்த குளிருக்குப் போதும். ஆனால் சரசரக்கும், முள்ளுக்குக் கிழியும், பஞ்சு உள்ளேயே தைத்திருப்பதால் நடக்கும்போது கழற்ற வழியில்லை. நடக்கும்போது பையில் வைத்து, போய்ச் சேர்ந்ததும் போடலாம் என்றால், பக்கச் சிப் முழுக்கத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் இந்த வருஷம் மழைக் காற்சட்டைக் காசு மிச்சம், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

600 டொலர்ச் சாமான் யாருக்கு? ஒரு கிழமை முழுக்க மழையில் மரத்தின்மேல் இருக்கிறவருக்கு. நெஞ்சுவரை ஏறுகிற, பஞ்சு வைத்த, சத்தமில்லாத முகத்துணி போட்ட வகை. அருமையான சூடு. ஆனால் அவசரத்துக்கு ஒதுங்கவேண்டி வந்தால் மேலே செம்மஞ்சள் சட்டையில் தொடங்கி எல்லாவற்றையும் கழற்றவேண்டும். முதல் வருஷத்தில் அந்தச் சோதனை வேண்டாம்.

ஒரு சின்னப் பிரச்சினை உண்ணி. நவம்பரில் அது போய்விடும் என்று நினைக்கவேண்டாம், 4 பாகைக்கு மேலே ஏறினால் கறுப்புக்கால் உண்ணி ஊரும், லைம் நோய் அதனால்தான் வருகிறது. காய்ந்த, இளஞ்சூடான நாளென்றால் மழைக் காற்சட்டை பைக்குள்தான் இருக்கும், அப்போது கம்பளிக் காற்சட்டையின் விளிம்பை மேஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். காம்புக்கு வந்ததும் முழங்கால் மடிப்பையும் அரையையும் தடவிப் பாருங்கள்.

தோய்க்கிற விஷயத்தில் கடைசியாக ஒரு வார்த்தை. மழைக் காற்சட்டையில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடச் செய்வது சவ்வில்லை, முகத்துணியில் உள்ள பூச்சு. ஃபுளோரின் கலந்த பழைய பூச்சுகளை இப்போது ஒதுக்கி வருகிறார்கள். புதியவை எண்ணெய், வியர்வை ஊத்தைக்கு இலேசில் தோற்கும். "புதுசிலை நல்லாய் இருந்தது, இப்ப ஊறுது" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எப்போது தோய்த்தீர்கள் என்று. அநேகமாகத் தோய்த்தே இருக்கமாட்டார்கள், தோய்த்தால் பழுதாகிவிடும் என்ற பயம். மணமில்லாத, வெண்மையூட்டி கலக்காத திரவச் சவர்க்காரம் போட்டு, இரண்டுமுறை அலசி, உள்ளே தைத்திருக்கிற, தோய்க்கும் முறை எழுதின சிட்டை அனுமதித்தால் டிரையரில் குறைந்த சூட்டில் இருபது நிமிஷம் விடுங்கள். பூச்சு திரும்ப உயிர்க்கும். துணி மென்மையாக்கும் திரவம் ஒரு துளிகூட வேண்டாம், அது பூச்சைக் கொன்றுவிடும். வெண்மையூட்டி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அது புறஊதா ஒளியில் மினுங்கும், அந்த மினுக்கம் மானுக்குத் தெரியும்.

எல்லாம் வாங்கி முடிந்ததும், விலைச்சிட்டையை எறியமுன், ஒக்ரோபரில் ஒரு மழை நாளைப் பார்த்து வீட்டுப் பின்வளவில் கதிரை போட்டு ஒரு மணித்தியாலம் அசையாமல் இருங்கள். நனைந்த உடுப்பைத் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. எந்த இடம் முதலில் குளிருகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்பா யன்னலால் பார்த்துச் சிரிப்பார். அவரிடம் ஒரு சாரத்தையும் கேட்டு வாங்கிப் பைக்குள் வையுங்கள். பின்னேரம் காம்புக்குத் திரும்பி, கம்பளியை அடுப்புக்குப் பின்னால் ஆணியில் தொங்கவிட்டு, அது காயும்வரை கட்டிக்கொண்டு இருக்க அதைவிட நல்ல உடுப்பை நான் இன்னும் எந்தக் கடையிலும் காணவில்லை. மழைக் காற்சட்டையை மட்டும் அடுப்பிலிருந்து நல்லாய்த் தள்ளிக் கொழுவுங்கள், நாடா கழன்றால் டிசம்பரில் என்னிடம்தான் வரவேண்டும்.